இருக்கை மெத்தையிலிருந்து முட்டை அட்டை வரை

காலியான கல்யாண மண்டபத்தில் மைக் செட்காரர் "ஹலோ... ஹலோ..." என்று சோதித்துப் பார்ப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு ஹலோ முடிவதற்குள் அதற்கு முந்தைய ஹலோ சுவரில் மோதித் திரும்பி வந்து எல்லாம் குழம்பிப்போகும். அதே மண்டபம், அதே மைக், மறுநாள் முகூர்த்த நேரத்தில் தெளிவாகக் கேட்கும். இடையில் யாரும் எதையும் ரிப்பேர் செய்யவில்லை. ஐந்நூறு பேர் வந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். பட்டுப்புடவையும், வேட்டியும், அதற்குள் இருக்கும் உடம்பும் சத்தத்தை விழுங்கிவிட்டன.

நாலு பேர் சேர்ந்து ஒரு கிடார், ஒரு பேஸ், டிரம்ஸ், ஒரு பாடகர் என்று ஓர் அறையில் பயிற்சி செய்கிறார்கள். வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கிறது. பதிவு செய்து போட்டுக் கேட்டால் தகர டப்பாவுக்குள் வாசித்த மாதிரி இருக்கிறது. உடனே மைக்கைத் திட்டுவார்கள், அடுத்து டிரம்மரைத் திட்டுவார்கள். அறையை யாரும் திட்டுவதில்லை. பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

முறையான ஸ்டூடியோ கட்டப் பணம் வேண்டும். பணம் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்பது ஒரு தனி வரலாறு. அதில் மெத்தை உண்டு, திரைச்சீலை உண்டு, ஓட்டலில் வாங்கிய காகிதம் உண்டு. கருகிப்போன ஒரு கூடமும் உண்டு.

கதை 1895ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. ஃபாக் கலைக்கூடம் என்ற புதிய கட்டிடம் திறந்தார்கள். பார்க்க அழகு. ஆனால் அதன் விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் வாயிலிருந்து புறப்பட்டு முழுதாக அடங்க ஐந்தரை வினாடி ஆனது! அந்த நேரத்துக்குள் பேசுபவர் இன்னும் பத்துப் பன்னிரண்டு சொற்களைச் சொல்லியிருப்பார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் எதைக் கேட்பது, எதைக் குறித்துக்கொள்வது?

பல்கலைக்கழகத் தலைவர் எலியட் இந்தத் தலைவலியை இயற்பியல் துறையில் இருந்த வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் கொடுத்தார். சபைனிடம் பெரிய கருவிகள் இல்லை. ஓர் ஆர்கன் குழாய், ஒரு ஸ்டாப்வாட்ச், இரண்டு காதுகள். இவற்றோடு, பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகள். அந்த அரங்கத்தில் எல்லாமே நன்றாகக் கேட்கும். அப்படியானால் அங்கே இருப்பதை இங்கே கொண்டுவந்து போட்டால் என்ன என்று பார்த்தார்.

பகலில் தெருவில் டிராம் சத்தம், அதனால் வேலை நள்ளிரவுக்குப் பின்தான். உதவியாளர்களோடு மெத்தைகளைச் சுமந்து வருவார். கொஞ்சம் பரப்புவார், ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்துவார், ஒலி காதுக்குக் கேட்காமல் போகும்வரை எத்தனை வினாடி என்று குறிப்பார். இன்னும் கொஞ்சம் மெத்தை, மறுபடி அளவு. விடிவதற்குள் எல்லா மெத்தைகளையும் திரும்பக் கொண்டுபோய் வைத்தாக வேண்டும், காலையில் அங்கே வேறு நிகழ்ச்சி இருக்கும். இந்தக் கூலி வேலை பல இரவுகள் நடந்தது. இருக்கைகளில், தரையில், மேடையில், பின்சுவர் முழுக்க என்று மெத்தையாக அடைத்தபோது ஐந்தரை வினாடி 1.14 வினாடிக்கு இறங்கியது.

நடுவில் ஒரு கூத்து. அளவுகள் சில நாட்கள் சொன்னபடி கேட்கவில்லை. காரணம் தேடினால், அவர் போட்டிருந்த உடை! ஒரே ஒரு ஆளின் கோட்டு கூட ஒலியை உறிஞ்சிக் கணக்கைக் கெடுக்கிறது. அதுவரை எடுத்திருந்த ஆயிரக்கணக்கான அளவுகளைத் தூக்கி எறிந்துவிட்டு, அதற்குப் பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் அதே உடையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஆராய்ச்சி என்றால் பிடிவாதம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது சிரமம்.

இதிலிருந்து 1898ல் ஒரு சூத்திரம் கிடைத்தது. அறையின் கன அளவை (கன மீட்டரில்) 0.161ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்க எத்தனை வினாடி ஆகும் என்று தெரிந்துவிடும். உறிஞ்சும் பரப்பை அவர் அளந்த விதம் அழகானது. திறந்த ஜன்னல்தான் அளவுகோல். ஜன்னல் வழியாகப் போன சத்தம் திரும்பி வராது, ஆகவே அது நூற்றுக்கு நூறு உறிஞ்சல். மெத்தை, கம்பளி, மனிதன் எல்லாமே "இத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம்" என்று கணக்கில் ஏறிவிடும்.

ஒரு பயிற்சி அறைக்குப் போட்டுப் பார்க்கலாம். நீளம் 5 மீட்டர், அகலம் 4, உயரம் 3. கன அளவு 60. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 94 சதுர மீட்டர். சிமென்ட் பூச்சு நூற்றில் மூன்று பங்குதான் உறிஞ்சும் என்று வைத்தால் மொத்த உறிஞ்சல் சுமார் 2.8. விடை ஏறக்குறைய மூன்றரை வினாடி, அதாவது குளியலறை. உறிஞ்சலை 19 ஆக ஏற்றினால் அரை வினாடிக்கு வந்துவிடும், வாத்தியங்கள் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும். இந்த 2.8க்கும் 19க்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் குறைந்த செலவில் எப்படிக் கடப்பது என்பதுதான் அடுத்த நூறு வருடத்துக் கேள்வி.

சபைன் பெயர் பெற்றது பாஸ்டன் சிம்பனி ஹாலால். 1900 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்த அரங்கம் இன்றும் உலகின் சிறந்த இசை அரங்கங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. ஃபாக் மண்டபமோ, சுவரில் கம்பளிப் பட்டைகள் மாட்டியபின் "பரவாயில்லை" என்ற நிலைக்கு வந்ததோடு சரி. 1973ல் அந்தக் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள்.

இனி மெம்ஃபிஸ்.

1950 ஜனவரியில் சாம் ஃபிலிப்ஸ் என்ற வானொலி இன்ஜினியர் அந்த ஊரின் யூனியன் அவென்யூ, 706ஆம் எண்ணில் ஒரு சிறிய இடத்தை மாதம் 150 டாலருக்கு வாடகைக்கு எடுத்தார். அதற்குமுன் அங்கே ரேடியேட்டர் பழுதுபார்க்கும் கடை இருந்தது. பதிவு செய்யும் அறை சுமார் 18 அடி அகலம், 30 அடியை ஒட்டிய நீளம். மெம்ஃபிஸ் ரெக்கார்டிங் சர்வீஸ் என்று பெயர். "எதையும், எங்கும், எப்போதும் பதிவு செய்வோம்" என்பது விளம்பர வாசகம். கல்யாணத்தையும் பதிவு செய்தார்கள், சாவுச் சடங்கையும் பதிவு செய்தார்கள். வாடகை கொடுக்க வேண்டுமே. ஆனால் ஃபிலிப்ஸ் கடையைத் திறந்தது அதற்காக அல்ல. மெம்ஃபிஸைச் சுற்றியிருந்த கறுப்பின புளூஸ் கலைஞர்களுக்கு அந்த ஊரில் தம் இசையைப் பதிவு செய்ய இடமே இல்லை. அந்த இடமாகத் தன் கடை இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

ஃபிலிப்ஸும் அவரோடு வேலை செய்த மரியன் கெய்ஸ்கரும் சேர்ந்து பெரும்பாலான வேலையைக் கையாலேயே செய்தார்கள். தரைக்கு ஓடு பதித்தது, ஒலிப் பலகைகளுக்கு வண்ணம் அடித்தது உட்பட. அங்கே கவனிக்க வேண்டியது கூரை. துளைகள் கொண்ட சதுரமான ஒலி ஓடுகளை வாங்கித் தட்டையாக ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஃபிலிப்ஸ் அவற்றை மடிப்பு மடிப்பாக, வரிசையாகக் கவிழ்த்த ஓலைக்கூரைகள் மாதிரி, ஏற்ற இறக்கமாக அமைத்தார். சுவரின் சில பகுதிகளிலும் அப்படியே.

இதில் விஷயம் இருக்கிறது. இரண்டு தட்டையான சுவர்கள் நேருக்கு நேர் நின்றால் அவற்றுக்கு நடுவே ஒலி டென்னிஸ் பந்து மாதிரி போய் வந்துகொண்டே இருக்கும். வெறும் அறையில் ஒருமுறை கைதட்டினால் தட்டலுக்குப் பின்னால் "ட்ர்ர்ர்" என்று ஒரு வால் நீள்கிறதே, அது இதுதான். எதிரும் புதிருமான பரப்புகளில் ஒன்றைச் சாய்த்துவிட்டால் பந்து திரும்ப அதே இடத்துக்கு வராது, அங்கங்கே சிதறும். உறிஞ்சுவதற்குப் பொருள் வாங்கக் காசு வேண்டும். சாய்ப்பதற்கு யோசனை போதும்.

1951 மார்ச்சில் மிசிசிப்பியிலிருந்து ஐக் டர்னரின் குழு காரில் வந்தது. வழியில் கிடார் ஆம்ப்ளிஃபையர் அடிபட்டு ஸ்பீக்கர் கூம்பு கிழிந்துவிட்டது. ஊரில் ரிப்பேர் செய்ய ஆள் கிடைக்கவில்லை. ஃபிலிப்ஸ் பக்கத்து ஓட்டலில் காகிதம் வாங்கி வந்து கிழிசலில் திணித்தார். கிடார் கரகரவென்று, சாக்ஸஃபோனுக்குத் தம்பி மாதிரி ஒலித்தது. அப்படியே பதிவு செய்தார்கள். ஜாக்கி பிரென்ஸ்டன் பாடிய அந்த "ராக்கெட் 88" ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. முதல் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டு எது என்ற முடிவில்லாத சண்டையில் இந்தப் பெயர் தவறாமல் வரும்.

1952ல் அதே முகவரியில் சன் ரெக்கார்ட்ஸ் தொடங்கியது. 1954 ஜூலையில் 19 வயது எல்விஸ் பிரெஸ்லி அங்கே "தட்ஸ் ஆல் ரைட்" பாடினார். அந்தப் பதிவில் டிரம்ஸே கிடையாது. ஸ்காட்டி மூர் கிடார், பில் பிளாக் டபுள் பேஸ், எல்விஸின் கிடார், அவ்வளவுதான். பேஸ் தந்திகளைச் சுண்டி, அவை மரத்தில் அறைந்து எழும் சத்தமே தாளம். ஜானி கேஷ் சன்னில் பாடிய காலத்தில் கிடார் தந்திகளுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகிக்கொள்வார், சரக் சரக்கென்று ஸ்னேர் டிரம் மாதிரி கேட்கும். சின்ன அறையில் டிரம்ஸ் வாசித்தால் எல்லா மைக்கிலும் அதுதான் நிறையும். டிரம்ஸ் இல்லாத குழு, சின்ன அறைக்கு எத்தனை தோதான குழு என்பதைப் பயிற்சி அறையில் கஷ்டப்பட்டவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

அடக்கமான அறையில் குரல் கொஞ்சம் வறண்டு கேட்கும். பெரிய கம்பெனிகள் தனி எதிரொலி அறைகள் வைத்திருந்தன. ஃபிலிப்ஸிடம் இருந்தவை இரண்டு ஆம்பெக்ஸ் டேப் இயந்திரங்கள். ஒன்றில் பதிவாகும்போதே இன்னொன்றின் வழியே அதே ஒலியைச் சற்றுத் தாமதமாக, ஒரு வினாடியில் ஏழெட்டில் ஒரு பங்கு பின்தள்ளி, மறுபடி கலந்தார். சன் பதிவுகளில் குரலுக்குப் பின்னால் ஒரு நிழல் ஓடுகிறதே, அது இதுதான். (டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனிக்காரர்கள் 1959ல் ஒரு சாதாரண வீட்டை வாங்கி ஸ்டூடியோ ஆக்கியபோது, எதிரொலிக்கு அந்த வீட்டின் பரணையே பயன்படுத்தினார்கள்.) 1955 நவம்பரில் ஆர்சிஏ கம்பெனி எல்விஸின் ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு வாங்கியது. இரண்டு மாதம் கழித்து நாஷ்வில்லில் "ஹார்ட்பிரேக் ஹோட்டல்" பதிவு செய்யும்போது அந்த நிழலுக்காக ஸ்டூடியோவுக்கு வெளியே இருந்த நடைகூடத்தில் ஸ்பீக்கரும் மைக்கும் வைத்துப் பார்த்தார்கள். பாட்டு மாபெரும் வெற்றி. ஆனால் ஒலி சன் மாதிரி இல்லை. ஆளை வாங்கலாம், கூரையை வாங்க முடியவில்லை.

அதே ஊரில் இன்னொரு அறை. அறை என்பதைவிடக் கொட்டகை என்று சொல்லலாம். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே நாட்டுப்புற ஃபிடில் வாசித்த ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனி நடத்திவந்தார்கள். டேப் இயந்திரம் வாங்குவதற்காக அக்கா தன் வீட்டையே அடமானம் வைத்தவர். 1960ல் கிழக்கு மெக்லெமோர் அவென்யூவில் மூடிக் கிடந்த கேபிடல் என்ற சினிமா தியேட்டரை மாதம் 100 டாலர் வாடகைக்குப் பிடித்தார்கள். இருவரின் பெயரிலிருந்தும் முதல் எழுத்துகளை எடுத்து வைத்த பெயர்தான் ஸ்டாக்ஸ்.

நாற்காலிகளைப் பிடுங்கினார்கள். சினிமா தியேட்டரின் தரை திரையை நோக்கிச் சரிவாக இருக்கும் அல்லவா? அதைச் சமன்செய்யக் காசில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள். கூடம் ரொம்பப் பெரிது, ரொம்ப முழங்கியது. குறுக்கே ஒரு தடுப்பு எழுப்பி இடத்தைச் சுருக்கினார்கள். கையால் தைத்த பெரிய பெரிய திரைச்சீலைகளைத் தொங்கவிட்டார்கள், தரையில் கம்பளம் போட்டார்கள். திரை இருந்த மேடை கட்டுப்பாட்டு அறை ஆனது. பாப்கார்ன் விற்ற இடத்தில் எஸ்டெல் இசைத்தட்டுக் கடை போட்டார். அக்கம்பக்கத்துப் பையன்களும் பெண்களும் அங்கே வந்து பாட்டுக் கேட்டார்கள். எது ஓடும், எது ஓடாது என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்தே எஸ்டெல் தெரிந்துகொண்டார். கடைக்கு வந்த பையன்களில் சிலர் அப்படியே உள்ளே போய் வாத்தியம் எடுத்தார்கள்.

சரிந்த தரையும் தட்டையான கூரையும் இணையாக இல்லை. சன்னில் ஃபிலிப்ஸ் யோசித்துச் செய்ததை இங்கே வறுமை செய்துவிட்டது. இத்தனை பெரிய கூடம் என்பதால் பேஸும் டிரம்ஸும் மூச்சு விட இடம் கிடைத்தது. ஆரம்ப வருடங்களில் ஒரே தடம்தான், அதாவது எல்லோரும் ஒன்றாக வாசித்து ஒன்றாக முடிக்க வேண்டும், தப்பு வந்தால் முதலிலிருந்து. ஸ்டாக்ஸ் பதிவுகளில் டிரம்ஸ் ஒரு இழை தாமதித்து விழுவது போலத் தோன்றும் அந்தச் சுகம், தூரத்தில் இருந்தவரைப் பார்த்தும் கேட்டும் வாசித்த பழக்கத்தில் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு கட்டிடத்தின் மேல் இவ்வளவு புகழை ஏற்றுவது கொஞ்சம் அதிகம்தான். அல் ஜாக்சன் எந்தக் கொட்டகையில் வாசித்திருந்தாலும் நன்றாகத்தான் வாசித்திருப்பார்.

அறையின் உண்மையான அதிசயம் வேறு. வெளியே, கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாத மெம்ஃபிஸ். உள்ளே புக்கர் டி. ஜோன்ஸ், அல் ஜாக்சன், ஸ்டீவ் கிராப்பர், பிறகு டொனால்டு டன், இரண்டு கறுப்பர் இரண்டு வெள்ளையர் கொண்ட ஒரே குழு, தினமும். 1962ல் அவர்களுடைய "க்ரீன் ஆனியன்ஸ்" வந்தது. அதே வருடம் வேறொரு கலைஞரைக் காரில் அழைத்து வந்த ஓடிஸ் ரெடிங், மிஞ்சிய நேரத்தில் ஒரு பாட்டுப் பாட வாய்ப்புக் கேட்டுப் பாடினார். 1967 டிசம்பரில் "டாக் ஆஃப் தி பே" பாட்டையும் அதே கூடத்தில்தான் பதிவு செய்தார். சில நாட்களில், டிசம்பர் 10 அன்று, விமான விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 26. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட லொரேன் மோட்டல், இந்தக் குழுவினர் வழக்கமாகக் கூடி உட்கார்ந்து பாட்டெழுதிய இடம். அந்த வருடமே இன்னொரு அடி. விநியோகம் செய்துவந்த அட்லாண்டிக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்காமல் ஸ்டூவர்ட் கையெழுத்திட்டிருந்தார். அதுவரை அந்தத் திரைச்சீலைகளுக்கு நடுவே பதிவான மூலப்பதிவுகள் எல்லாம் ஸ்டாக்ஸுக்குச் சொந்தமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பைசா செலவில்லாத சிகிச்சை ஒன்றும் உண்டு. அது 1967 கோடையில், நியூயார்க் மாநிலத்தில் "பிக் பிங்க்" என்று பெயர் பெற்ற இளஞ்சிவப்பு வீட்டின் நிலவறையில் நடந்தது. பாப் டிலனும், பின்னாளில் "தி பேண்ட்" என்று அறியப்பட்டவர்களும் அங்கே பயிற்சி செய்து அப்படியே டேப்பில் பதிந்தார்கள். சிமென்ட் சுவர், ஜன்னல் கண்ணாடி, நடுவே இரும்புக் கொதிகலன். ஒலிபற்றித் தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டு இதைவிட மோசமான இடம் கிடையாது என்றாராம். அவர்கள் கண்ட வழி, வட்டமாக நெருங்கி உட்கார்ந்து மெதுவாக வாசிப்பது. பாடுபவர் குரல் உனக்குக் கேட்கவில்லை என்றால் நீ சத்தமாக வாசிக்கிறாய் என்று அர்த்தம். கிடார் கலைஞர் ராபி ராபர்ட்சன் இதைப் பல முறை சொல்லியிருக்கிறார். தமிழில் "அடக்கி வாசி" என்று சொல்வது இதைத்தான்! முழு அறையும் கிளம்பி ஆடும் அளவுக்கு ஒலி எழுப்பாவிட்டால் அறை தன் குணத்தைக் காட்டாது. அந்த டேப்புகளில் ஒரு பகுதி 1975ல் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. ஏறக்குறைய முழுத் தொகுப்பு வர 2014 ஆயிற்று.

இதுவரை சொன்னது எல்லாம் அறைக்குள்ளே ஒலி எப்படிக் கேட்கிறது என்பது. சத்தம் வெளியே போகாமல் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. லண்டனில் ஹாலோவே சாலை 304ஆம் எண்ணில், தோல் பைகள் விற்கும் கடைக்கு மேலே இருந்த வீட்டில் ஜோ மீக் என்பவர் ஸ்டூடியோ நடத்தினார். பாடகரைக் குளியலறையில் நிறுத்துவார், வயலின்காரர்களை மாடிப்படியில். 1964ல் "ஹேவ் ஐ தி ரைட்" பாட்டுக்குக் குழுவினர் மரப்படிகளில் காலால் உதைத்துத் தாளம் போட, கைப்பிடிக் கம்பிகளில் சைக்கிள் கிளிப்பால் மைக்குகளை மாட்டிப் பதிவு செய்தார். 1962ல் அவர் தயாரித்த "டெல்ஸ்டார்" அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஒரு பிரிட்டிஷ் குழுவுக்கு அங்கே அப்படி நடந்தது அதுவே முதல்முறை. ஒலி ஓடுகளும் கம்பளமும் மீக்கின் அறையைப் பதிவுக்குத் தோதாக்கின. ஆனால் கீழே கடை நடத்திய வீட்டுக்கார அம்மாளின் காதைக் காப்பாற்றவில்லை. சத்தம் பொறுக்காமல் அவர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். மீக் பதிலுக்கு ஸ்பீக்கரைப் படிக்கட்டில் வைத்து இன்னும் சத்தமாக வைப்பார். கேட்கச் சிரிப்பாக இருக்கும், முடிவு அப்படி அல்ல. கடனும் மனநோயும் முற்றிய நிலையில் 1967 பிப்ரவரி 3 அன்று மீக் அந்த அம்மாளைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார்.

மெத்தையும் திரையும் முட்டை அட்டையும் சத்தத்தை வெளியே விடாமல் தடுக்காது. தடுக்க எடை வேண்டும், இடுக்கில்லாத கதவு வேண்டும், சுவருக்குள் இன்னொரு சுவர் வேண்டும். அதெல்லாம் செலவு.

முட்டை அட்டைக்கு வருவோம். உலகம் முழுக்கப் பயிற்சி அறைகளில் இதை ஒட்டியிருப்பார்கள். பார்க்க ஸ்டூடியோ நுரைத்தகடு மாதிரி மேடு பள்ளமாக இருக்கிறது, அதனால் வேலை செய்யும் என்ற நம்பிக்கை. மெல்லிய கூழ் அட்டை உயர்ந்த சுருதிகளில் கொஞ்சம் உறிஞ்சும். அந்த நாலைந்து சென்டிமீட்டர் மேடு பள்ளம் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலேதான் ஒலியைச் சிதறடிக்கும். 100 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். அதன் கண்ணுக்கு முட்டை அட்டையும் வெறும் சுவரும் ஒன்றே. கம்பளத்தைச் சுவரெல்லாம் ஒட்டினாலும் இதே கதை, சிம்பலின் பளபளப்பு செத்துப்போகும், பேஸ் மட்டும் மூலையில் "குமு குமு" என்று உருண்டுகொண்டிருக்கும். அறையைச் சரிசெய்தோம் என்று நினைத்துப் பாதியை மட்டும் கொன்றிருப்பார்கள்.

வேலை செய்யாதது சின்னக் குற்றம். எரிவது பெரிய குற்றம்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் வெஸ்ட் வார்விக் என்ற ஊரில் "தி ஸ்டேஷன்" என்ற இசை விடுதி இருந்தது. அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்கவில்லை என்று புகார் செய்தார்கள். விடுதிக்காரர்கள் 2000ஆம் ஆண்டில் மேடையைச் சுற்றியிருந்த சுவர்களில் பாலியூரிதேன் நுரையை ஒட்டினார்கள். தீயை எதிர்க்கும் மருந்து கலந்த நுரை அல்ல, சாமான்களைப் பொதியும்போது வைக்கிறார்களே, அந்த வகை. 2003 பிப்ரவரி 20 இரவு கிரேட் ஒயிட் என்ற ராக் குழு முதல் பாட்டைத் தொடங்கியதும் மேடையில் பூவாணம் போன்ற வெடிகளைக் கொளுத்தினார்கள். பொறி டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த நுரையில் பற்றியது. முதலில் அதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று சிலர் நினைத்தார்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் கூடத்தின் பெரும்பகுதி உயிர் பிழைக்க முடியாத இடமாகிவிட்டது என்று பின்னர் ஆராய்ந்த அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் கண்டறிந்தது. பெரும்பாலானோர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலை நோக்கியே ஓடி அங்கே நெருக்கிக்கொண்டார்கள். 100 பேர் இறந்தார்கள். குழுவின் கிடார் கலைஞர்களில் ஒருவரும் அதில் அடக்கம். காயம்பட்டவர்கள் 200க்கும் மேல். தீயணைக்கும் தண்ணீர்த் தூவிகள் கட்டிடத்தில் இல்லை.

அதோடு உலகம் பாடம் படித்திருக்க வேண்டும். 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சான்டா மரியா ஊரில் "கிஸ்" விடுதி. கூரையில் ஒலிக்காக ஒட்டிய நுரை, மேடையில் கொளுத்திய மத்தாப்பு, 242 பேர், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். 2015 அக்டோபர் 30 அன்று ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் "கலெக்டிவ்" விடுதி. மறுபடி நுரை, மறுபடி வாணவேடிக்கை, 64 பேர். மக்கள் தெருவில் இறங்கிப் போராடியதில் அந்நாட்டுப் பிரதமர் பதவி விலகினார். இந்த நுரை எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிவருகின்றன. நெருப்பு நெருங்குவதற்கு முன்பே புகை ஆளை வீழ்த்திவிடும். ஒரே ஒரு கதவுள்ள பயிற்சி அறை, நாலு மூலையிலும் சூடான ஆம்ப்ளிஃபையர், நீட்டி நீட்டி இணைத்த மின்சாரக் கம்பி, சுவரெங்கும் மலிவான நுரை அல்லது காய்ந்த முட்டை அட்டை. மத்தாப்பு கூட வேண்டாம்.

இத்தனைக்கும் பாதுகாப்பான பொருள் விலை அதிகமானதும் அல்ல. கட்டிடங்களில் வெப்பம் தடுக்கப் பயன்படும் ராக்வூல் என்ற கல்நார்ப் பஞ்சு (ஆஸ்பெஸ்டாஸ் அல்ல, உருக்கிய பாறையை இழையாக்கியது) எரியாது. அதைப் பத்து சென்டிமீட்டர் தடிமனில் மரச்சட்டத்தில் அடைத்துத் துணி போர்த்தி, சுவரோடு ஒட்டாமல் இன்னொரு பத்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டினால் தாழ்ந்த சுருதி வரை வேலை செய்யும். இடைவெளி ஏன் என்றால், சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதில்லை. அசையும் இடத்தில்தான் பஞ்சு ஒலியின் சக்தியை உராய்வால் வெப்பமாக மாற்ற முடியும். பேஸ் வந்து தேங்குவது மூலைகளில், ஆகவே முதல் சட்டங்கள் அங்கே. இதெல்லாம் சபைன் மெத்தை சுமந்த நாளிலிருந்து இம்மியும் மாறாத இயற்பியல். புத்தகம் நிறைந்த அலமாரி, பழைய சோபா, நான்கு சட்டங்கள், டிரம்ஸுக்கு அடியில் ஒரு ஜமுக்காளம் என்று வைத்து, கைதட்டிப் பார்த்து, மாற்றி வைத்து, மறுபடி கைதட்டுவதுதான் இன்றைய குறைந்த செலவுக் குழுக்களும் செய்வது.

சன் கட்டிடத்திலிருந்து ஃபிலிப்ஸ் 1960ல் பெரிய இடத்துக்கு மாறிப்போனார். பழைய இடம் வருடக்கணக்கில் வேறு வேறு கைகளுக்குப் போய், 1987ல் மறுபடி ஸ்டூடியோ ஆனது. பகலில் சுற்றுலாக்காரர்கள் வந்து கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் போனபின் மாலையில் குழுக்கள் வந்து பதிவு செய்கின்றன. மடிப்பு மடிப்பான ஓடுகள் இன்னும் அங்கே இருக்கின்றன.

ஸ்டாக்ஸ் 1975 டிசம்பரில் திவாலாகி மூடப்பட்டது. கட்டிடம் ஒரு தேவாலயத்தின் கைக்குப் போய், 1989ல் இடிக்கப்பட்டது. வெகுநாள் அந்த மனையில் ஒன்றுமில்லை. பிறகு பணம் திரட்டி, அதே இடத்தில், பழைய தியேட்டரின் முகப்பை அப்படியே திரும்பக் கட்டி 2003ல் மியூசியம் திறந்தார்கள். உள்ளே பதிவு அறையையும் பழைய அளவில் அமைத்தார்கள். 1960ல் சமன்செய்யக் காசில்லாமல் விட்ட தரையை, இந்த முறை காசு செலவழித்துச் சரிவாகவே கட்டினார்கள்.